மார்ச் 13 அன்று தலைவர்கள் சிறையில் இருந்தார்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

1908ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் நடந்தவற்றை நம் வகுப்பறைகளில் சொல்லும் விதம் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். அந்த நிகழ்வுகளைப் பாடநூல் விட்டுவிட்டது என்று நான் குறை சொல்லவில்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் சுதேசிக் கப்பல் கம்பெனி இருக்கிறது, கோரல் ஆலை வேலைநிறுத்தம் இருக்கிறது, வ.உ. சிதம்பரம் பிள்ளை (வ.உ.சி.) கைதானதும் நெல்லை கொந்தளித்ததும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளையிடம் கேட்டால், ஒரு மனிதரின் கதைதான் கிடைக்கும். கப்பல் விட்டார், சிறைக்குப் போனார், செக்கிழுத்தார், வறுமையில் இறந்தார். ம.பொ. சிவஞானம் அவரைப் பற்றி எழுதிய நூலும், அதையொட்டி 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படமும் மறக்கப்பட்டிருந்த ஒரு பெரியவரை மீட்டுத் தந்தன. அந்த நன்றிக்கடன் நமக்கு உண்டு. மீட்டுத் தந்த வேகத்தில் அவரைச் சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானோர் திரையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப நடுவே கொண்டுவர வேண்டும். அதற்கு இரக்கத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒருவர் செய்தார் என்று சொல்லும்போது, நாம் நம்மை அறியாமலே அன்றைய அரசுத் தரப்பு வழக்கறிஞரின் வாதத்தைத் திருப்பிச் சொல்கிறோம்.

வழக்கை நினைத்துப் பாருங்கள். வ.உ.சி. மீதும் சுப்பிரமணிய சிவா மீதும் தொடுக்கப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின்கீழ் அமைந்த ராஜ நிந்தனை வழக்கு. அந்தப் பிரிவு நிற்க வேண்டுமானால் பேச்சாளர்கள் அரசின் மீது வெறுப்பை மூட்டினார்கள் அல்லது மூட்ட முயன்றார்கள் என்று காட்ட வேண்டும். அமைதியாக இருந்த மக்களின் மனத்தில் பேச்சாளர்கள் வந்து வெறுப்பை மூட்டினார்கள் என்றே அரசுத் தரப்பு வாதிட்டது. நீதிபதி பின்ஹே அதை ஏற்று, 1908 ஜூலை 7 அன்று சிவாவுக்குப் பத்தாண்டும், வ.உ.சி.க்கு ராஜ நிந்தனைக்கும் சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கும் சேர்த்து இரட்டை ஆயுள் தண்டனையும் விதித்தார். லண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லியே கலங்கிப்போகும் அளவுக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாக இருந்தது. உயர் நீதிமன்றம் பிறகு தண்டனையைக் குறைத்தது. தீர்ப்பின் அடிப்படைப் பார்வையை மட்டும் யாரும் குறைக்கவில்லை. கூட்டத்துக்குச் சொந்தமாக எண்ணம் கிடையாது, தலைவன் சொன்னால் எழும், தலைவனை அடைத்தால் அடங்கும் என்பது அந்தப் பார்வை. 1918இல் ரௌலட் தலைமையிலான குழு தந்த அறிக்கையும் சென்னை மாகாணத்தைப் பற்றிச் சொல்லும்போது பேச்சு, கலவரம், கொலை என்று ஒரே கோட்டில்தான் கதையை இழுத்துச் செல்கிறது. நம் பாடம் பழிக்குப் பதிலாகப் புகழை வைத்திருக்கிறது. கோடு அதே கோடுதான்.

அதே அரசாங்கம் நீதிமன்றத்துக்கு வெளியே வேறு விதமாக நடந்துகொண்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கைதுகளை எதிர்த்து எழுந்த கலகம் அடங்கிய பின் தண்டக் காவல்படை நிறுத்தப்பட்டு, அதற்கான செலவு வரியாக ஊர் மக்களிடம் வசூலிக்கப்பட்டது. இரண்டு பேச்சாளர்கள் தூண்டிவிட்டதால் மட்டும் நடந்த குற்றம் என்று அரசு உண்மையிலேயே நம்பியிருந்தால், ஊரிடம் எதற்கு வரி வாங்க வேண்டும்? குற்றப்பத்திரிகையில் இரண்டு பெயர் இருந்தது. வரி ரசீதில் ஊரே இருந்தது. யார் போராடினார்கள் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த ஊர் எப்படி ஒன்று சேர்ந்தது என்பதைப் பார்க்கலாம். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்து சரியாக ஓராண்டு. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். ஆக, கப்பலே ஒருவருடைய கப்பல் இல்லை. அது பங்குதாரர்களின் கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனியாட்சி நடத்தியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதற்குத் தூத்துக்குடியில் முகவராக இருந்தது ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனம். கோரல் ஆலையை நடத்தியதும் அதே ஹார்விதான். இந்த ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. துறைமுகத்தில் சுதேசிக் கப்பலை நசுக்கப் பார்த்தவரும், ஆலைக்குள் விடியலிலிருந்து இருட்டும்வரை நூற்பு வேலை வாங்கியவரும் ஒரே முதலாளி. சுதேசி என்றால் வணிகரின் ஆதாயம், வேலைநிறுத்தம் என்றால் கூலிக்காரரின் வயிறு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும் வசதி தூத்துக்குடியில் கிடையாது. அங்கே இரண்டும் ஒரே அலுவலகத்தின் வாசலில் வந்து முடிந்தன.

1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் ஆலைத் தொழிலாளர்களின் நிலையைப் பற்றிப் பேசினார்கள். பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், மற்ற விடுப்புகளும் வேண்டும் என்பவை அவர்கள் வைத்த கோரிக்கைகள். இந்தக் கோரிக்கைகளை வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லை என்பதை இயற்கையின் ஏற்பாடுபோல எண்ணி வளரும் பிள்ளைகளுக்கு, அந்த ஒரு நாளுக்காகத் தம் மாவட்டத்தில் ஒரு தலைமுறை சோற்றைப் பணயம் வைத்தது தெரிய வேண்டும். ஏறத்தாழ ஒன்பது நாள் ஆலை நின்றது. ஊர் அவர்களைப் பட்டினி கிடக்க விடவில்லை. பணம் திரட்டப்பட்டது, சாப்பாடு கிடைத்தது, சிலருக்கு வேறு வேலையும் கிடைத்தது. மார்ச் முதல் வாரம் முடியும்போது ஹார்வி நிர்வாகம் கூலி உயர்வுக்கும் வேலை நேரக் குறைப்புக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இணங்கியது. கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' இதழ் இந்த வெற்றியைப் பாராட்டி எழுதியது. தொழிற்சங்கம் என்று பெயர் வைத்து எதுவும் இல்லாத காலம் அது. சென்னையில் முறையான தொழிற்சங்கம் உருவாக இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.

அடுத்த சில நாட்களில் நடந்ததுதான் என் வாதத்தின் நடுப்புள்ளி. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையாவதைக் கொண்டாட ஊர்வலமும் கூட்டமும் ஏற்பாடாயின. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தும் தூத்துக்குடியில் கொண்டாட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று, ஆட்சியர் விஞ்ச் திருநெல்வேலியில் இருந்தபடி நடவடிக்கை எடுத்து, வ.உ.சி.யையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் கைது செய்வித்தார். மூவரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தாக்குதலுக்கு உள்ளாயின, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக் கோரிக்கை ஏதும் இல்லை. சில நாட்களுக்கு முன்னர்தான் கேட்டதைப் பெற்றிருந்தார்கள். இழப்பதற்குத்தான் அவர்களிடம் இப்போது ஏதோ இருந்தது. அப்படியிருந்தும் கைதை எதிர்த்து வெளியே வந்தார்கள். அவர்களோடு குதிரைவண்டிக்காரர்கள், முடிதிருத்துபவர்கள், சலவைத் தொழிலாளர்கள், நகரத் துப்புரவுப் பணியாளர்கள் சேர்ந்தார்கள். திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது 1908 ஜூலையில். அதைப் பற்றி லெனின் எழுதியதால் உலகம் அதை அறியும். நம் தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதற்கு நான்கு மாதம் முந்தியவர்கள்.

இங்கே முடிதிருத்துபவர்கள், சலவைத் தொழிலாளர்கள் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வெள்ளையருக்கும் அரசுக்குத் துணைபோனவர்களுக்கும் சவரம் செய்ய மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தார்கள். இதைச் சுவையான துணுக்காக மட்டுமே சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நம் ஊர்களின் சாதி ஒழுங்கைத் தெரிந்தவர்களுக்கு அது துணுக்காகப் படாது. ஊர்விலக்கு என்பது மேலே இருந்தவர்களின் ஆயுதம். ஒருவரை ஒதுக்க வேண்டுமென்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். நாவிதரும் வண்ணாரும் அந்த முடிவை நிறைவேற்றும் கைகளாக இருப்பார்கள். 1908 மார்ச்சில் அந்தக் கைகளுக்கு உரியவர்களே யாருக்கு ஊழியம் செய்வது, யாருக்கு மறுப்பது என்பதை ஓர் அரசியல் காரணத்துக்காகத் தீர்மானித்தார்கள். வாக்குரிமையோ சொத்தோ கல்வியோ இல்லாத மனிதர், தன் உழைப்பைத் தர மறுப்பதன் வழியாகப் பேரரசின் அதிகாரிக்கு எதிராக ஒரு கருத்தைச் சொல்லிவிட முடியும் என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒத்துழையாமை என்ற சொல்லும் அதன் முழு வடிவமும் 1920இல் வருகின்றன. அந்த எண்ணத்தின் நடைமுறை ஒன்று அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பொருநைக்கரையில் இருந்ததென்று பிள்ளைகள் அறிய வேண்டாமா?

தலைவர்கள் இல்லாமல் இவையெல்லாம் நடந்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். சிவாவின் பேச்சும் வ.உ.சி.யின் அமைப்புத் திறனும் இல்லையென்றால் பிப்ரவரி வேலைநிறுத்தம் அந்த நாளில் அந்த வடிவில் எழுந்திருக்காது. கம்பெனி இயக்குநர்கள் பலருக்கு வ.உ.சி.யின் அரசியல் கலக்கத்தையே தந்தது. அந்த நெருக்குதலையும் தாங்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனவர் அவர். வசதியும் வக்கீல் தொழிலும் உள்ள ஒருவர் கூலிக்காரர்களின் பக்கம் நிற்பது அன்று அரிதிலும் அரிது. அதை ஒரு இம்மிகூடக் குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் தொடங்கிவைப்பது வேறு, தொடர்வது வேறு. மார்ச் 13 அன்று தலைவர்கள் மூவரும் சிறைக்குள் இருந்தார்கள். கூட்டத்துக்கு எண்ணம் கிடையாது என்ற அரசுத் தரப்பின் கொள்கை உண்மையாக இருந்திருந்தால் அந்த நாள் அமைதியாகக் கழிந்திருக்க வேண்டும். யாரும் கட்டளையிடாத நிலையில் யாருக்காக எழுவது, எதை நிறுத்துவது என்பதை மக்கள் தாமே முடிவு செய்தார்கள். வ.உ.சி.யின் உண்மையான சாதனை கப்பலைவிட இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கப்பல் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது; மக்கள் தாமே எடுத்த அந்த முடிவை யாராலும் கலைக்க முடியவில்லை.

இன்னொரு தயக்கமும் நியாயமானது. அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்ததையும் கல்லெறிந்ததையும் வகுப்பில் எப்படிப் போற்றுவது? போற்ற வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். எரிந்தவை எவை என்று பாருங்கள். ஆட்சியின் கட்டடங்களே பெரும்பாலும். இறந்தவர்கள் யார் பக்கத்தினர் என்றும் பாருங்கள். நால்வரும் மக்கள் பக்கத்தினர். இவற்றை வைத்துக்கொண்டு, பேசும் உரிமையும் கூடும் உரிமையும் அடைக்கப்பட்டபோது என்ன ஆகிறது என்று மாணவர்களை விவாதிக்க விடலாம். அந்த வன்முறை தவறு என்று ஒரு மாணவி வாதிட்டால் அதுவும் நல்ல பாடமே. பேசாமல் கடந்துபோவதுதான் பாடமாகாது. கலவரம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டுப் போகும்போது, அந்த நால்வர் எதற்காக உயிர்விட்டார்கள் என்ற கேள்வியையே வகுப்பில் எழவிடாமல் செய்துவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு ஒரு நாயகன் வேண்டும், கூட்டத்தை எப்படி நேசிப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. கற்பித்தலில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வதால் அதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நாயகன் மட்டும் போதும் என்று இருந்ததன் விளைவை நம் பொது நினைவில் பாருங்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டார்; அந்த ரயில் நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. ஒரு துப்பாக்கி, ஒரு குண்டு, ஒரு இளைஞன் என்பதால் அது நினைவில் நிற்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆஷ் தூத்துக்குடியில் சார் ஆட்சியராக இருந்தபோது எதிர்த்து நின்ற ஆயிரக்கணக்கானோரின் நினைவாக எந்த நிலையம் இருக்கிறது? தனியாள் சாகசத்தை ஊர்ப்பெயராக்கி, பலர் சேர்ந்து நடத்திய போராட்டத்தைப் பாடநூலின் ஓரிரு வரியாக்கிவிட்டோம். செக்கிழுத்த காட்சியும் அப்படித்தான் வேலை செய்கிறது. கண்ணீர் வரும், ஏன் அவரைச் செக்கில் பூட்டினார்கள் என்ற கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்துவிடும். முதலாளியின் லாபமும் அரசின் அதிகாரமும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டதால் பூட்டினார்கள். அதை ஆட்டம் காணவைத்தவர்களுள் நூற்பாலைத் தொழிலாளியும் இருந்தார், சவரக் கத்தி பிடித்தவரும் இருந்தார். இவர்களோடு சேர்த்துப் பார்க்கும்போது வ.உ.சி. இன்னும் உயர்கிறாரே தவிர ஒரு அங்குலமும் தாழ்வதில்லை.

பாடவேளை குறைவு, தேர்வு நெருக்குகிறது, பாடநூல் தாண்டிச் சொல்ல ஆதாரம் வேண்டுமே என்ற சிரமங்களை அறிவேன். ஆதாரத்துக்கு இன்று குறைவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' தமிழிலேயே கிடைக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கினால் போதும். வ.உ.சி. அகவற்பாவில் எழுதிய தன்வரலாறும் இருக்கிறது. ரௌலட் அறிக்கையின் சென்னை மாகாணப் பகுதியையும் மேல்நிலை மாணவர்களுக்குத் தமிழில் சுருக்கிச் சொல்லலாம். எதிரியின் ஆவணத்தை எப்படிப் படிப்பது, அது எதைப் பார்க்க மறுக்கிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி வரலாறு படிப்பவர்களுக்கு மிகவும் தேவை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. துறைமுகம் அங்கேதான் இருக்கிறது, திருநெல்வேலியின் தெருக்களும் பாளையங்கோட்டைச் சிறையும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு நாள் களப்பயணத்தில் இவற்றின் வழியே நடந்துவிடலாம்.

பாடவேளையைப் பொறுத்தவரை நான் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கவில்லை. கேள்வித்தாளில் இரண்டு கேள்விகளை மாற்றக் கேட்கிறேன். கப்பலோட்டிய தமிழன் யார் என்பதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, கோரல் ஆலையை நடத்திய நிறுவனத்துக்கும் சுதேசிக் கப்பலின் போட்டியாளருக்கும் என்ன தொடர்பு, அது வேலைநிறுத்தத்தின் பொருளை எப்படி மாற்றுகிறது என்று கேளுங்கள். பிப்ரவரியில் கூலிக்காக வேலையை நிறுத்திய அதே தொழிலாளர்கள், கேட்டது கிடைத்த பிறகும் மார்ச்சில் மீண்டும் ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே இருக்கட்டும்.


வரலாற்றில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்